மலையைக் காட்டியவர்களுக்கு நன்றி

வணக்கம்.

வேல்ஸ் நாட்டில் போர்த்மாடோக் துறைமுகத்திலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோக் மலையூருக்குப் போகும் குட்டி ரயிலில் எங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கும், அந்த ரயிலைப் பல ஆண்டுகளாகக் கட்டிக் காப்பாற்றி வருபவர்களுக்கும் இந்த மடல். ஆங்கிலத்தில் தனியாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதச் சொன்னது அப்பா. "இவங்க செஞ்சதை நம்ம ஆளுங்களும் படிக்கணும்டா" என்றார்.

அப்பா ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். செங்கோட்டை மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பணிக்காலத்தைக் கழித்தவர். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்து சக்கர நாற்காலியில்தான் வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. மலையும் பழைய ரயிலும் படிக்கட்டும் இருக்கிற இடத்துக்கு அவரை அழைத்துப்போக எங்களுக்குக் கொஞ்சம் தயக்கமாகவே இருந்தது. அந்தத் தயக்கத்துக்கு இடமே வைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள்.

முதல் நன்றி, கிரிக்கியத்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டுத் தம்பதிக்கு. முன்பதிவு செய்திருந்த டாக்ஸி வரவில்லை, போன் செய்தாலும் எடுக்கவில்லை. அப்பாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, நாற்காலியை மடித்துத் தங்கள் காரின் பின்னால் வைத்து, எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்குள் எங்கள் ரயில் கிளம்பிவிட்டது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்த அம்மா அதற்காகக் கூடுதல் காசு எதுவும் கேட்கவில்லை. நாற்காலி ஏறக்கூடிய பெட்டியில் இடம் இருக்கிறதா என்று வாக்கி டாக்கியில் கேட்டுவிட்டு, அடுத்த வண்டிக்கு மாற்றிக் கொடுத்தார்.

சாய்பலகை போட்டு அப்பாவைப் பெட்டிக்குள் ஏற்றிய தன்னார்வலர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்காலியை முதலில் நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு, "மேலே போகும்போது பள்ளத்தாக்கு வலது பக்கம்தான் வரும்" என்று அவரே திருப்பி வைத்தார். அன்று அப்பா பார்த்ததெல்லாம் அந்த ஒரு நிமிட யோசனையால் பார்த்தது.

வண்டி கிளம்புவதற்கு முன் அப்பாவை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த விட்டீர்கள். இரண்டு பக்கமும் புகைபோக்கி, நடுவில் ஆள் நிற்கும் இடம். ஃபேர்லி எஞ்சின் என்கிறார்கள். கொதிகலன் இரண்டு திசையிலும் நீள்கிறது, நெருப்புப் பெட்டி நடுவில். அதனால் டிரைவர் ஒரு பக்கமும் கரி அள்ளிப்போடுபவர் மறு பக்கமும் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும். ராபர்ட் ஃபேர்லியின் இந்த யோசனை 1869இல் 'லிட்டில் வொண்டர்' என்ற எஞ்சினாக இந்தப் பாதையில்தான் பேர் வாங்கியது. எங்களை இழுத்துப்போன 'டேவிட் லாயிட் ஜார்ஜ்' 1992இல் இவர்களுடைய பாஸ்டன் லாட்ஜ் பணிமனையிலேயே கட்டிய வண்டி. நீராவி எஞ்சினை இந்தக் காலத்தில் புதிதாகக் கட்டினார்களா என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

தண்டவாள இடைவெளி இரண்டு அடிக்கும் சற்றுக் குறைவு. மீட்டர் கேஜையே சின்னது என்று சொல்லிப் பழகியவருக்கு இது பெரிய வியப்பு. டார்ஜிலிங் மலைக்கு இரண்டடிப் பாதை போட்டவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது இந்த வேல்ஸ் பாதைதான் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊரை விட்டதும் வண்டி காப் என்ற கரை மேல் ஏறுகிறது. வில்லியம் மேடக்ஸ் கடலைத் தடுத்து 1811இல் கட்டி முடித்த கரை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அவர் மீட்ட சமவெளியும் அதற்குப் பின்னால் ஸ்னோடன் மலைத்தொடரும். அன்று மேகம் விலகி, நிக்ட் சிகரத்தின் கூர்நுனி சுத்தமாகத் தெரிந்தது. கரை முடிந்ததும் பாஸ்டன் லாட்ஜ், அதிலிருந்து ஏற்றம்தான்.

ஏற்றம் என்றால் மூச்சு முட்டுகிற ஏற்றம் இல்லை. 80, 90 அடி போனால் ஓர் அடி உயரும் கணக்கில், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வளைந்து, பதிமூன்றரை மைலில் 700 அடிக்கு மேல் ஏறுகிறது. 1836இல் பாதை திறந்தபோது எஞ்சினே கிடையாது. குதிரைகள் காலி வண்டிகளை மேலே இழுத்துப்போகும். மேலே சிலேட்டுக் கல்லை ஏற்றியதும், வண்டிகள் தம் எடையாலேயே துறைமுகம் வரை உருண்டு வரும். பிரேக் பிடிக்க ஆட்கள் மட்டும் வண்டி மேல் இருப்பார்கள். குதிரைகளும் தனி வண்டியில் நின்றபடி அதே ரயிலில் கீழே வந்துவிடும். எங்கேயும் வண்டி நின்றுவிடக் கூடாது, அளவுக்கு மீறி ஓடவும் கூடாது. அதற்காக ஜேம்ஸ் ஸ்பூனர் ஒரே சீரான இறக்கமாகப் பாதையை அளந்து வைத்தார். நாம் இன்று அழகு என்று பார்க்கும் ஒவ்வொரு வளைவும் அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

பென்ரின் தாண்டி, கெய் மௌர் என்ற இடத்தில் கார்டு எங்கள் பெட்டிக்கு வந்து, "இப்போது கீழே பாருங்கள்" என்றார். 60 அடிக்கு மேல் உயரமான கற்கரை, அதன் மேல் வளைந்து போகிறது ரயில். சுண்ணாம்பும் கிடையாது, சிமென்டும் கிடையாது. கல் மேல் கல்லாக அடுக்கியே கட்டியது. இத்தனை ஆண்டுகளாக ரயிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. "தண்ணி தேங்காம வடிஞ்சு போகுது, அதான் நிக்குது" என்றார் அப்பா. அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கார்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கப்புறம் ஒரு நல்ல இடத்தையும் எங்களுக்குச் சொல்லாமல் அவர் விடவில்லை. அவருக்குத் தனி நன்றி.

டான்-அ-புல்க் ஸ்டேஷன் ஓக் காட்டுக்கு நடுவே, குதிரை லாட வளைவில் இருக்கிறது. எதிர் வண்டி வருவதற்காக அங்கே நின்றபோது, அந்தக் கார்டு நடைமேடையில் இருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார். "இவர் டீவியேஷனில் வேலை செய்தவர், உங்கள் அப்பா இவரைப் பார்க்க வேண்டும்" என்றார். எங்கள் பயணத்தில் மிகச் சிறந்தது இந்தச் சந்திப்புதான்.

டீவியேஷன் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிலேட்டு வியாபாரம் படுத்துப்போய் 1946இல் இந்த ரயில் நின்றுவிட்டது. பாதையைச் சட்டப்படி கைவிடவும் வழியில்லாததால் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். முள்ளும் மரமும் மூடிக்கொண்டன. 1951இல் லெனர்ட் ஹீத் ஹம்ஃப்ரிஸ் என்ற 17 வயதுப் பையன், இதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று பிரிஸ்டலில் ஒரு கூட்டம் கூட்டினான். 1954இல் ஆலன் பெக்லர் என்பவர் ரயில் கம்பெனியைக் கைக்குக் கொண்டுவந்தார். 1955இல் காப் கரை மேல் பயணிகள் ரயில் ஓடியது. ஊர் ஊராக மேலே நகர்ந்து 1958இல் டான்-அ-புல்க் வரை வந்துவிட்டது.

ஆனால் அதற்கு மேல் பாதையே போய்விட்டது. நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் டானகிரிஷையில் வந்தது. அதன் நீர்த்தேக்கம் பழைய தண்டவாளத்தை மூழ்கடித்தது. இழப்பீட்டு வழக்கு 1970களின் தொடக்கம் வரை இழுத்தது. அது முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. ஏரிக்கு மேலே, மலையைச் சுற்றி, இரண்டரை மைல் புதுப்பாதை (இந்த மாற்றுப்பாதைதான் டீவியேஷன்) போட்டுவிடுவோம் என்று 1965 ஜனவரியில் மண் வெட்டத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வார இறுதிகளில் வந்த தன்னார்வலர்கள்: மாணவர்கள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, மழை. பாறை உடைக்க வெடி வைக்கத் தெரிந்த கர்னல் கேம்பெல் பக்கத்திலேயே குடியிருந்தார், அவரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் ஒரு மலை குறுக்கே நின்றது. அதைக் குடைய, தகரச் சுரங்க அனுபவமுள்ள கார்ன்வால் பொறியாளர்கள் வந்தார்கள். 1978இல் ரயில் டானகிரிஷை வந்து சேர்ந்தது. 1982இல், கம்பெனி தொடங்கி 150 ஆண்டு நிறையும் வருடத்தில், பிளைனைக்கே போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் எங்கள் அப்பா முன்னால் நின்ற பெரியவர். அப்பாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் ஃபிஷ்பிளேட், ஸ்லீப்பர், பேக்கிங், கேஜ், கிரேடியன்ட் எல்லாம் வரும், அதுவே போதுமானதாக இருந்தது. பெரியவர் ஒரு பேனாவை எடுத்து, எங்கள் கால அட்டவணைத் தாளின் பின்புறம் ஒரு சுழியை வரைந்தார். டியால்ட் என்ற இடத்தில் ரயில் ஒரு முழு வட்டம் அடித்து, தன் பாதையையே மேலே பாலத்தில் கடந்து உயரத்தைப் பிடிக்கிறது. பிரிட்டனின் ரயில் பாதைகளில் இப்படி ஒரு சுழல் வேறு எங்கும் இல்லை. அப்பா படத்தைச் சுட்டிக்காட்டி, வளைவில் வண்டி சாயாமல் இருக்க வெளித் தண்டவாளத்தை எவ்வளவு தூக்கியிருக்கிறீர்கள் என்று கையாலேயே கேட்டார். பெரியவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அளவு காட்டினார். அப்பா அந்த இடைவெளியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். நான் மொழிபெயர்க்கவே இல்லை, பெரியவர் சிரித்துவிட்டார்.

எதிர் வண்டி வந்துவிட்டது, விசில் அடித்துவிட்டார்கள். அவர் சாய்பலகை ஓரம் நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்: வெட்டும்போது மலையைப் பார்த்ததே இல்லை, எப்போதும் மேகம், மழை, தலை குனிந்த வேலை, பாதை முடிந்து முதல் ரயிலில் பயணியாக உட்கார்ந்தபோதுதான் இது இவ்வளவு அழகான இடம் என்று தெரிந்தது என்று. ஐயா, நீங்கள் தலை குனிந்து வெட்டிய இடத்தில் எங்கள் அப்பா தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனார். உங்களுக்கும், உங்களோடு அங்கே மண் சுமந்த ஆணுக்கும் பெண்ணுக்கும், அந்த வார இறுதிகளில் உங்களை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

சுழலில் ஏறும்போது கீழே நாங்கள் வந்த தண்டவாளம் தெரிந்தது. அப்பா அந்தத் தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு திருப்பத்தையும் விரலால் தொட்டுச் சரிபார்த்தபடி வந்தார். அப்புறம் சுரங்கம். வெளியே வந்தால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மொயல்வின் மலை, தண்ணீருக்குள் எங்கேயோ பழைய பாதை.

இன்னொரு கூட்டத்துக்கு நன்றி சொல்லாமல் முடிக்க மாட்டேன். அவர்களை நாங்கள் பார்த்தது சில நொடிதான். டியால்டுக்குக் கீழே ஓர் இடத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் சிலர் பாதையோரம் செடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு ஒதுங்கி நின்று கையசைத்தார்கள். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்தபோது அப்பா பார்த்தது அவர்களை. "இவங்க மட்டும் வெட்டலன்னா ரெண்டு மழைக்கு மூடிரும். நீங்க மலைய பாக்க முடியாது, இலையத்தான் பாக்கணும்" என்றார். மழை கொட்டும் நாட்டில், கால்வாயைத் தூர்வாரி, கிளையை வெட்டி, சரிந்த கல்லை எடுத்து அடுக்குகிறவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பயணத்தில் காட்சி என்று ஒன்றே கிடையாது. 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது இந்த ரயிலும் அதில் சேர்ந்தது. அந்தப் பெருமையில் இவர்கள் பங்கு பெரியது என்பது என் எண்ணம்.

பிளைனையில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஊரைச் சுற்றிலும் சாம்பல் நிறச் சிலேட்டுக் குவியல்கள், மலை உயரத்துக்கு. நனைந்ததும் அவை நீலமாக மாறிவிட்டன. தேநீர்க் கடைக்காரப் பெண்மணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மேசையை நகர்த்தி நாற்காலிக்கு இடம் செய்து, திரும்பும் ரயில் வரும்வரை எங்களை எழுந்து போகச் சொல்லவே இல்லை. குடையும் கொடுத்து அனுப்பினார். குடையைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம் அம்மா, வந்து சேர்ந்திருக்கும்.

அப்பாவின் பெயரில் உங்கள் சங்கத்தில் உறுப்பினர் சந்தா கட்டிவிட்டோம். பையன் அடுத்த கோடையில் செடி வெட்டும் அணியில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவனுக்கு அரிவாள் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலையைத் தாத்தா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

டான்-அ-புல்க் பெரியவருக்கு அப்பா சொல்லச் சொன்னது இது: செங்கோட்டை வாருங்கள். மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது, ஆனால் மலையும் சுரங்கமும் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலமும் அங்கேயேதான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் தங்கலாம். புனலூர் வண்டியில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லித் தருவார்.

மிக்க நன்றியுடன்,
சக்கர நாற்காலியோடு உங்கள் ரயிலில் வந்த குடும்பம்