பையிலேயே இருந்த ஊசி: அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

அரச வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் எந்த மருந்து இருக்க வேண்டும், எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். பரம்பரை வீக்க நோய் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இந்த நோயுள்ள என்னையும் என் மகளையும் பார்க்கும் நிபுணர் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. நானும் இரண்டு தடவை பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வரவில்லை. அதனால்தான் மூன்றாவதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தொண்டை வீங்கிக்கொண்டு வருகிற எங்களுக்கு, அந்த வீக்கத்தை அடக்கும் இகாடிபன்ட் ஊசியைத் தாமதிக்காமல் போடுங்கள். நாங்கள் கொண்டு வந்தால் அதைப் போடுங்கள். கொண்டு வர வசதியில்லாதவர்களுக்காக நீங்கள் ஒன்றிரண்டு வைத்திருங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. என் மகளுக்கு 14 வயது. பம்பலப்பிட்டியில் டியூசன் முடியும் நேரத்தில் சொண்டு தடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முதல் நாள்தான் பல்லுக்குக் கம்பி இறுக்கினார்கள். எங்கள் உடம்புக்கு அதுவே போதும். நான் போய்ச் சேரும்போது கீழ்ச்சொண்டு வெளியே பிதுங்கி, ஒரு பக்கக் கன்னம் ஏறியிருந்தது. "அம்மா, எச்சில் விழுங்க ஏலாமல் கிடக்கு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஓட்டோ பிடித்துக் கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலைக்குப் போனோம். எது என்று எழுத மாட்டேன். எழுதினால் அன்று வேலையில் நின்ற ஒரு சின்னப் பெடியனின் தலையில்தான் எல்லாம் விடியும்.

ஊசி என் பையில் இருந்தது. மருந்து நிரப்பியே வருகிற சிரிஞ்ச், 3 மில்லிலீற்றரில் 30 மில்லிகிராம். எனக்கும் இதே நோய்தான். எனக்கு நானே வயிற்றுத் தோலுக்குக் கீழே ஏற்றிக்கொள்ளப் பழகி நாலு வருடமாகிறது. மகளுக்கு மட்டும் அதுவரை போட்டதில்லை. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. அவள் 43 கிலோ, ஆகவே 2 மில்லிலீற்றர். முதல் ஊசியை ஒரு வைத்தியர் பக்கத்தில் நிற்கத்தான் போட வேண்டும் என்று நிபுணர் சொல்லி, கடிதமும் தந்திருந்தார். சொன்னபடி நடந்தேன். டியூசன் வாசலில் வைத்தே போட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் இரவில் எழும்பி உட்கார்ந்து யோசிக்கிறேன்.

நாங்கள் உள்ளே போனது 9.40க்கு. அலர்ஜி என்று எழுதிக்கொண்டார்கள். பிரிட்டோன் என்ற அலர்ஜி மருந்தை ஏற்றினார்கள், ஹைட்ரோகோட்டிசோன் ஏற்றினார்கள், கொஞ்ச நேரம் கழித்து அட்ரினலினும் போட்டார்கள். மூன்றுமே நல்ல மருந்துகள். ஆனால் எங்கள் வீக்கத்துக்கு மூன்றுமே கேட்காது. அலர்ஜி வீக்கம் ஹிஸ்டமினால் வருவது. எங்களுக்கு இரத்தத்தில் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் போதாமல், பிரடிகினின் என்ற பொருள் கட்டில்லாமல் பெருகி, குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீங்குகிறது. அரிப்பு இருக்காது, சிவந்த தடிப்பு இருக்காது. அந்தப் பிரடிகினினை வேலை செய்ய விடாமல் மறிப்பதுதான் இகாடிபன்ட்.

கடிதத்தை நீட்டினேன். இளம் டொக்டர் முழுவதையும் வாசித்தார். ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பி என் கையிலேயே வைத்தார். வெளியிலிருந்து வந்த மருந்து, எங்கள் பட்டியலில் இல்லை, போட்டு ஏதாவது நடந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். அந்தப் பயத்தைப் போக்க உங்களிடமிருந்து அரைப் பக்கச் சுற்றறிக்கை ஒன்று போதும். அதைத்தான் நீங்கள் இன்னும் எழுதவில்லை.

மகளுக்குக் குரல் மாறிக்கொண்டு வந்தது. முதலில் மூக்கடைத்தவள் பேசுவது போல, பிறகு வெறும் காற்று. எச்சிலை விழுங்க முடியாமல் என் சேலைத் தலைப்பில் துப்பினாள். பேச்சு நின்றதும் விஞ்ஞானக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: "ஊசி எப்ப போடுவினம்?" நான் "இப்ப" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழேயே மறுபடி "எப்ப?" அந்தப் பக்கத்தில் ஐந்து "எப்ப" இருக்கிறது. கடைசி "எப்ப" கோணலாக இறங்கி வரிக்கு வெளியே போய்விட்டது. கழிவறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நானே குத்திவிடலாமா என்று நினைத்தேன். அவளுக்கு எழும்பி நடக்க முடியவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஒரு படிவத்தைக் கொண்டு வந்தார்கள். மூச்சு நின்றால் கழுத்தில் துளை போட வேண்டிவரும், சம்மதம் வேண்டும் என்றார்கள். கையொப்பம் போட்டேன். பிள்ளையின் கழுத்தை வெட்ட உங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. அவளுடைய வயிற்றில் ஒரு சின்ன ஊசி போடத்தான் அனுமதி இல்லை.

அந்தப் படிவம் முழுக்கச் சிங்களத்தில். 1987 இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. அதற்குப் பிறகு பிறந்த நான், நாற்பதை நெருங்குகிற வயதில், என் பிள்ளையின் கழுத்துக்கு எதில் கையொப்பம் போடுகிறேன் என்று தெரியாமல் போட்டேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு அக்கா, பாதி சிங்களமும் பாதி தமிழுமாக எனக்குச் சொல்லித் தந்தார். பொலிஸிலும் இதுதான், மின்சாரக் கட்டண அலுவலகத்திலும் இதுதான், எத்தனையோ வருடமாகப் பழகிவிட்டோம். மூச்சு முட்டுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் பழகிக்கொள் என்றால் எப்படி? சரி, அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். ஊசிக்கே வருகிறேன்.

12.05க்கு எங்கள் நிபுணர் தொலைபேசியில் கிடைத்தார். அந்த டொக்டரோடு இரண்டு நிமிடம் பேசினார். பிறகு எல்லாம் ஐந்து நிமிட வேலை. நேர்ஸ் மிஸ் ஒருவர் 2 மில்லிலீற்றரை வேறு சிரிஞ்சுக்கு மாற்றி, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைப் பிடித்து மெதுவாக ஏற்றினார். ஏற்றிய இடம் சிவந்து ஒரு ரூபாய்க் குற்றியளவு தடித்தது. அது வழமைதான். ஒன்றரை மணிபோல மகள் எச்சிலை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலமும் 25 நிமிடமும் காத்திருந்தது இந்த ஐந்து நிமிட வேலைக்காக.

இது நேற்று வந்த நோய் இல்லை. பரம்பரையாக வருகிறது என்று வில்லியம் ஒஸ்லர் 1888 இலேயே எழுதிவிட்டார். எந்தப் புரதம் குறைகிறது என்பது 1963 இல் தெரிந்துவிட்டது. என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் 36 வயதில் ஒரு விடியற்காலை தொண்டையடைத்துச் செத்தார். ஊரில் செய்வினை என்றார்கள். அம்மாவுக்கு வீக்கம் குடலுக்குள் வரும். அப்பென்டிக்ஸ் என்று வயிற்றைக் கிழித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பினார்கள். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டிலொரு வாய்ப்பு. அம்மம்மாவின் காலத்தில் மருந்து இல்லை, யாரையும் நோக முடியாது. இகாடிபன்டுக்கு ஐரோப்பா 2008 இல் அனுமதி கொடுத்தது, அமெரிக்கா 2011 இல். என் மகளின் காலத்தில் மருந்து இருக்கிறது. என் பையிலேயே இருந்தது.

ஊசியை நாங்களே வரவழைத்து வைத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நிபுணரின் கடிதத்தோடு வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறோம். ஒன்று என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகிறது. 25 பாகைக்கு மேல் சூடு படக்கூடாது, உறையவும் கூடாது. கொழும்பில் நடுச்சாமத்தில்கூட 25 பாகை தாண்டுகிறது. பள்ளிக்கூடத்துக்கும், 100 ஆம் இலக்க பஸ்ஸுக்கும், கோயிலுக்கும் ஐஸ் பையைத் துவாயில் சுற்றி, ஊசி அதில் முட்டாமல் நடுவில் அட்டை வைத்துக் கொண்டு திரிகிறோம். 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அப்போது ஊசியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மண்குடத்துத் தண்ணீருக்குள் இறக்கி, மணிக்கொருமுறை கையை விட்டுக் குளிர்ச்சி பார்த்தேன். எனக்காவது குடமும் ஊசியும் இருந்தன. கொட்டாஞ்சேனையிலோ நுவரெலியாத் தோட்ட லயனிலோ இதே நோயோடு இருக்கிற, நோயின் பெயர்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

அப்படி எத்தனை பேர் என்று கேட்பீர்கள். உலகத்தில் சுமார் 50,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 2 கோடி 17 இலட்சம் பேர் வாழும் இந்த நாட்டில் 400க்கும் மேல். இவ்வளவு குறைவானவர்களுக்கு வாங்கினால் அலுமாரியில் கிடந்து காலாவதியாகும் என்று ஒரு தடவை எனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பாம்புக்கடி மருந்தை வைத்திருக்கும்போது இந்தக் கிழமை இங்கே யாரையாவது கடிக்குமா என்று கணக்குப் பார்த்தா வைக்கிறீர்கள்? கடித்தால் வேண்டும் என்றுதானே வைக்கிறீர்கள். விலைக்கும் வழி இருக்கிறது. 2019 இல் அமெரிக்காவிலேயே இது பொதுப்பெயர் மருந்தாக விற்பனைக்கு வந்துவிட்டது. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, மருந்தைக் கம்பனிப் பெயரில் வாங்காமல் பொதுப்பெயரில் வாங்கி விலையைக் குறைக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய நாடு இது. அந்த நாட்டுக்கு இது பெரிய காரியமா?

கோபமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. மன்னிக்க வேண்டும். அன்றிரவு நின்றுகொண்டே வேலை செய்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களிடம் பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன். தொண்டை வீங்கிக்கொண்டு வருகிற எங்களுக்கு அந்த ஊசியைத் தாமதிக்காமல் போடுங்கள். நிபுணரின் கடிதத்தோடு கொண்டு வந்தால் போடலாம் என்று மூன்று மொழியிலும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இல்லாதவர்களுக்காகப் பெரிய வைத்தியசாலைகளின் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டிரண்டாவது வையுங்கள்.

பல்லுக் கம்பியை அடுத்த மாதம் மறுபடி இறுக்க வேண்டும். மகள் போக மாட்டேன் என்கிறாள். சுற்றறிக்கை வந்த பிறகு போவோம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பதிலைத் தயவுசெய்து தமிழில் அனுப்புங்கள். அவளும் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6