முதலில் காலை எடுக்கப் பழகுங்கள்

ஆசிரியருக்கு,

சென்னையில் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் வாங்கும் இளைஞர்கள் பலரும் பாதத்தைப் பெடலோடு பிடித்துவைக்கும் பட்டையான பெடல் ஸ்ட்ராப்பையும் சேர்த்தே மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டத்தான் வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் ஃப்ரீவீல் இந்த வண்டியில் கிடையாது. பின்சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றும். வேகத்தடையிலோ மேம்பால இறக்கத்திலோ பாதம் நழுவினால், சுற்றுகிற பெடல் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிடும்.

ஆனால், எல்லோரும் கேட்பது காலை எப்படி நுழைப்பது என்றுதான். எடுக்கத் தெரியாதவர்தான் சிக்னலில் வண்டியோடு சாய்கிறார்.

சுவரைப் பிடித்து, நின்ற வண்டியில் பழக வேண்டும். குறுக்குவாட்டுப் பட்டை என்றால் குதிகாலைச் சற்றுத் திருப்பி நுழைத்து, பிறகு பாதத்தை நேராக்கினால் இறுகும். எடுக்கும்போது அதே கோணத்துக்குத் திருப்பிப் பின்னால் இழுக்க வேண்டும். பயத்தில் கால் தானாக மேலே எழும்பும். பட்டை பிடிப்பதே அந்தத் திசையில்தான், வராது. ஓட்டத்தில், பெடல் அடிப்புள்ளியைத் தாண்டிப் பின்னோக்கிப் போகும் நொடியில் இழுத்தால் சுலபம். வண்டி நிற்பதற்கு முன்பே ஒரு கால் வெளியே வந்துவிட வேண்டும். நாள்தோறும் அதே காலாக இருப்பது நல்லது.

நுழைப்பதற்கு: முன்பிரேக்கைப் பிடித்து, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலை முன்பக்கம் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்து ஒரு காலை மாட்டிக்கொள்ளுங்கள். மிதித்துக் கிளம்பிய பிறகு மறுகால் பெடலின் அடிப்பக்கத்தை மிதித்தபடி இரண்டு மூன்று சுற்று வரட்டும். ஸ்ட்ராப்பின் எடையால் பெடல் கவிழ்ந்துதான் கிடக்கும். அது மேலே வரும்போது பின்விளிம்பை ஷூ நுனியால் தட்டினால் புரளும், உடனே நுழைக்கலாம். தவறினால் அடுத்த சுற்று இருக்கிறது, குனிந்து பார்க்காதீர்கள். கவிழ்ந்த ஸ்ட்ராப் தரையில் உரசும் என்பதால் வளைவில் இதைச் செய்யக் கூடாது.

ரப்பர் செருப்போடு முயல்பவர்களும் உண்டு. கால் வெளியே வரும், செருப்பு பெடலிலேயே தங்கிவிடும். தட்டையான அடியுள்ள ஷூதான் சரி. லேஸை உள்ளே செருகிவிடுங்கள். அது பெடலைத் தாங்கும் கிராங்கில் சுற்றிக்கொண்டால் பெடலை நிறுத்தி எடுக்க இந்த வண்டியில் வழியில்லை. கடற்கரை மணல், ஸ்ட்ராப்பை ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோவின் பிடியைக் கெடுக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். பெடலைக் கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு இடது மரை, திருப்பும் திசை மாறும்.

ஸ்ட்ராப் இருந்தால் காலாலேயே பெடலை அடக்கி வேகத்தைக் குறைக்கலாம், முன்பிரேக் வேண்டாம் என்று கழற்றிவிடுவது விபரீதம். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரத்தை மட்டும் அடக்கினால் அது வழுக்கிக்கொண்டே போகும். ஐப்பசி மழையில் நனைந்த தாரில் கேட்கவே வேண்டாம்.

ஸ்கிட் அடித்து, அதாவது காலால் பெடலை நிறுத்திப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுப் பழகுகிறவர்கள் செயின் ஓடும் பற்சக்கரங்களின் பல்லையும் எண்ணிப் பாருங்கள். முன்னால் 48, பின்னால் 16 என்றால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று வரும்; அதனால் ஒரே காலை முன்வைத்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம்தான் தேயும். பின்பல்லை 17 ஆக்கினால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும், காலுக்கும் பாரம் சற்றுக் குறையும்.

சைக்கிள் மெக்கானிக் ஒருவர்,
புரசைவாக்கம், சென்னை.