மேட்சைக் கடைசி நாளில் வை, முருகேசா

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று பெயர்தான், பாதிக்கு மேல் கேலி. "பந்து பார்க்கப் போனாயா, ஊர் பார்க்கப் போனாயா, ரெண்டில் ஒன்றைச் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். மார்ச்சில் மகன் வீட்டுக்கு வரும்போது நீயும் லிவர்பூல் போகப்போவதாகக் கடைசி வரியில் மெல்ல நுழைத்திருக்கிறாய் பார், அதற்காகத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உனக்குப் பிடிக்காத செய்தி. நான் பார்த்தது உன் சிவப்புச் சட்டை லிவர்பூல்காரர்களின் ஆட்டம் இல்லை. அதே ஊரின் நீலச் சட்டை அணியான எவர்டன் ஆட்டம். உங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் இடம் கிடைப்பதற்கு உறுப்பினராகி, குலுக்கலில் பெயர் கொடுத்து, அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மகள் முயன்று பார்த்தாள், கிடைக்கவில்லை. இணையத்தில் எவனோ மூன்று மடங்கு விலைக்கு விற்றான். வாங்கிவிடலாமா என்று எனக்கும் கை அரித்தது. அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று மருமகன் சொன்ன பிறகுதான் அடங்கினேன். நீயும் அந்தப் பக்கம் போகாதே. வாசல் வரை போய்த் திரும்பி வரும் வயதா நமக்கு?

அப்புறம் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் என்று அட்டவணையில் இருந்தது. வெள்ளி போய் ஞாயிறு திரும்புவதாகக் கணக்குப் போட்டு, விடுதிக்கும் ரயிலுக்கும் பணத்தைக் கட்டிவிட்டேன், இரண்டுமே திருப்பித் தராத வகை. இரண்டு வாரம் கழித்து அறிவிப்பு வந்தது: ஆட்டம் திங்கள் இரவு 8 மணிக்கு மாற்றம்.

ஏன் என்று விசாரித்தேன். இந்த நாட்டில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது. சின்ன ஊர்களின் சின்ன அணிகளைப் பார்க்க ஆட்கள் மைதானத்துக்கு வராமல் போய்விடக் கூடாதே என்று 1960-களில் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் தொலைக்காட்சிக்காரன் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதை அந்த நேரத்திலிருந்து தூக்கி வெள்ளி இரவிலோ ஞாயிற்றிலோ திங்களிலோ வைத்துவிடுகிறார்கள். ஐரோப்பியப் போட்டியில் வியாழக்கிழமை ஆடும் அணி என்றால் அதன் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்குப் போய்விடும். அதனால் அட்டவணையில் அச்சாகியிருக்கும் தேதியை ஜோசியம்போல எடுத்துக்கொள். தொலைக்காட்சித் தேர்வு முடிந்து நேரம் உறுதியாகும் வரை பணத்தை எங்கேயும் கட்டாதே.

சரி, கட்டிய பணம் கட்டியதுதான், வெள்ளிக்கிழமையே கிளம்புவோம் என்று மீனா சொல்லிவிட்டாள். திரும்பும் ரயில் டிக்கெட் வீணாயிற்று. கூடுதலாக இரண்டு இரவுக்கு வேறு விடுதி. உள்ளுக்குள் பொருமிக்கொண்டுதான் போனேன். இப்போது சொல்கிறேன், அந்த மாற்றம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் ஒரு மேட்ச் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். இந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டேன்.

உனக்கே தெரியும், முன்பெல்லாம் நான் எந்த ஊருக்குப் பந்து பார்க்கப் போனாலும் முதல் நாளே ஆட்டம். மறுநாள் தொண்டை கட்டி, கால் வலித்து, கடனே என்று இரண்டு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவேன். இந்தத் தடவை மூன்று நாள் ஊர், அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

சனிக்கிழமை ஆற்றங்கரையில் கழிந்தது. மெர்சி ஆறு அங்கே கடலாகவே தெரிகிறது, காற்றும் கடல் காற்றுதான். நவம்பரில் அது தோலைத் துளைக்கிறது. மார்ச்சிலும் நம்பாதே, காதை மூடும் குல்லாய் எடுத்துக்கொள். கரையில் 1911-இல் கட்டிய ராயல் லிவர் கட்டடம். உச்சியில் இரண்டு செம்புப் பறவைகள், ஒன்று கடலைப் பார்க்கிறது, ஒன்று ஊரைப் பார்க்கிறது. அவை பறந்துபோனால் ஊர் இல்லாமல் போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. உன் அணியின் சின்னத்தில் இருப்பதும் அதே பறவைதான். அருகில் ஆல்பர்ட் டாக். 1846-இல் ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் மரமே சேர்க்காமல் இரும்பும் செங்கல்லும் கல்லும் மட்டும் வைத்துக் கட்டிய கிடங்குகள். பஞ்சுப் பொதியும் சாராயப் பீப்பாயும் தீப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஹார்ட்லி பெயரை நினைவில் வைத்துக்கொள், திங்கள் இரவு திரும்ப வருவார்.

சாயங்காலம் இரண்டு பேராலயங்கள். ஒரே தெருவின் இரு முனைகளில் நிற்கின்றன. ஆங்கிலிக்கப் பேராலயத்தை வரைந்தவர் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கப் பேராலயத்தை வரைந்தவரோ கத்தோலிக்கர் இல்லை. தெருவின் பெயர் ஹோப். மீனாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது, அன்றைக்குப் பூராவும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பீட்டில்ஸ் பாடிய தெருவுக்கும் போனோம். கூட்டமும் சத்தமும் பொம்மைக் கடையும். எனக்கு அரை மணி நேரமே அதிகம், உனக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. ஆன்ஃபீல்டைச் சுற்றிக் காட்டும் பயணத்துக்குக் காலையில் இடம் கிடைத்தது. உனக்காகத்தான் போனேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். காலி மைதானம் எனக்குப் பொதுவாக ஒத்துவராது, கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்கும். ஆனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் ரசிகர்கள் கூடும் கோப் பகுதியில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில், ஸ்பியான் கோப் என்று ஒரு குன்று. டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு நடந்த போரில், 1900 ஜனவரியில், அங்கே பிரிட்டிஷ் படை செம அடி வாங்கியது. இறந்தவர்களில் இந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். 1906-இல் ஆன்ஃபீல்டில் உயரமான மண்மேட்டுத் திண்டு எழுப்பியபோது, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தக் குன்றின் பெயரை வைத்தார்.

நமக்கு விஷயம் அதற்கப்புறம். அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்ததில் நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படைக்கும் பங்கு உண்டு. சுமார் 1,100 பேர். திரட்டியவர் காந்தி, அவரும் கூடவே நடந்தார். அந்த 1,100 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். உன் மகன் வீட்டுச் சுவரில் கோப் படம் தொங்குகிறதே, அதற்குப் பின்னால் டோலி தூக்கிய நம் ஆள் ஒருவன் நிற்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீனா குளிர் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே ஹில்ஸ்பரோ நினைவிடம் இருக்கிறது, 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் பெயர்களோடு. பதின்வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அங்கே படம் எடுக்க மனம் வரவில்லை.

அங்கிருந்து ஸ்டான்லி பூங்காவைக் குறுக்கே கடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எவர்டனின் பழைய மைதானம், கூடிசன் பார்க். இதில் உன்னைச் சீண்ட ஒரு விஷயம் கிடைத்தது. ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்டன்தான், 1884 முதல். 1892-இல் இடத்துக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைத் தகராறு. எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கையில் மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. ஹோல்டிங் புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார். அதுதான் நீ நாற்பது வருஷமாகத் தலையில் வைத்து ஆடும் லிவர்பூல். வாடகைச் சண்டையில் பிறந்த பிள்ளையப்பா உன் அணி!

எவர்டன் ஆண்கள் அணி 2025-இல் புது மைதானத்துக்குப் போய்விட்டது. கூடிசன் பார்க்கை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் போன நேரம் மதிய ஆட்டத்துக்கு வாசல் திறந்திருந்தது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "போகலாம், உள்ளே உட்கார்ந்தாவது குளிரைப் போக்கலாம்" என்று மீனாதான் இழுத்துப் போனாள். டிக்கெட் கையோடு கிடைத்தது, விலையும் சொற்பம். மைதானத்தின் ஒரு மூலையில் ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பார்வையாளர் வரிசைக்கும் அதற்கும் இடைவெளியே இல்லை. எனக்கு முன்னால் ஒரு தூண். கோல் கம்பத்தில் ஒன்று தெரியாது. எட்டி எட்டித்தான் பார்த்தேன்.

1966 உலகக் கோப்பையில் பெலே இதே புல்லில்தான் அடிபட்டு நொண்டினார். அதே போட்டியில் வட கொரியாவிடம் 0-3 என்று பின்தங்கியிருந்த போர்ச்சுகலை 5-3 என்று யூசேபியோ கரையேற்றியதும் இங்கேதான், அவர் மட்டுமே நான்கு கோல். இதையெல்லாம் நான் மீனாவிடம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. முன்வரிசையில் முகத்தில் நீலம் பூசிய சிறுமிகள் பத்துப் பேர், ஆட்டக்காரி ஒருத்தியின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் பார்த்தால் இவளும் கத்துகிறாள். முப்பத்து நான்கு வருஷமாக என்னோடு ஒரு மேட்சைக்கூட முழுதாகப் பார்க்காதவள்!

திங்கள் சாயங்காலம் ஆற்றோரமாகவே நடந்தோம், புது மைதானம் வரை நாற்பது நிமிடம். வழியெல்லாம் கருங்கல் மதில், ஒழுங்கில்லாத துண்டுக் கற்களை இடுக்குத் தெரியாமல் கோத்துக் கட்டியது. கட்டியவர் யார் என்கிறாய்? அதே ஹார்ட்லி. 1848-இல் அவர் கட்டிய பிராம்லி-மூர் கப்பல்துறையை மணல் கொட்டித் தூர்த்து, அதன்மேல்தான் இந்த மைதானம் எழுந்திருக்கிறது. மதிலின் வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போகிறோம். பக்கத்தில் ஆறு முகக் கடிகாரக் கோபுரம், எந்தத் திசையில் வரும் கப்பலுக்கும் மணி தெரிய வேண்டும் என்று வைத்தது. "ஹார்ட்லி கடிகாரம்" என்று எனக்கு முன்பே மீனா சுட்டிக்காட்டினாள்.

லிவர்பூல் துறைமுகப் பகுதிக்கு 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது, 2021-இல் பறித்துக்கொண்டது. கரையோரம் எழும்பிய புதுக் கட்டடங்கள் ஒரு காரணம், இந்த மைதானத் திட்டமும் ஒரு காரணம். அதுவரை உலகத்திலேயே இரண்டு இடங்கள்தான் அப்படித் தகுதி இழந்திருந்தன. பாழடைந்து கிடந்த இடத்தில் ஐம்பதாயிரம் பேர் கூடுகிறார்கள், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தண்ணீர் நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் உறுத்தத்தான் செய்தது. மீனா கட்சி யுனெஸ்கோ. இன்னும் தீரவில்லை எங்கள் வழக்கு.

ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீ தொலைக்காட்சியில் என்னைவிடத் தெளிவாகப் பார்த்திருப்பாய். தொலைக்காட்சியில் வராதது ஒன்று உண்டு. அணிகள் வெளியே வரும்போது ஒரு சைரன் ஒலிக்கும். அந்த நொடியில் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பழைய மைதானத்தில் அரை நூற்றாண்டு ஒரே இருக்கையாம், முன்னால் தூணாம். "இங்கே எல்லாம் தெரிகிறது, அதுதான் பழகவில்லை" என்றார். நேற்று நானும் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தேன் என்றேன். அதற்கப்புறம் பாதி நேரம் பேச்சுதான். முதல் நாளே ஆட்டம் பார்த்திருந்தால் அவரிடம் பேச எனக்கு என்ன இருந்திருக்கும்?

திரும்பும்போது ரயில் நிலையத்தில் நீண்ட வரிசை. கூட்டத்தோடு கூட்டமாக மதிலோரமே ஊருக்குள் நடந்து வந்துவிட்டோம்.

ஆகவே முருகேசா, குறைந்தது மூன்று இரவு வை, மேட்சைக் கடைசியில் வை. ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட் கைபேசியில்தான் வரும், அதைச் சார்ஜ் போட மறந்துவிடாதே. ஆன்ஃபீல்டில் இடம் கிடைக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்காமல் ஞாயிறு மதியம் கூடிசனில் ஆட்டம் இருக்கிறதா என்று பார். காமாட்சியையும் கூட்டிக்கொண்டு போ.

எவர்டன் கடையில் உனக்கு ஒரு கழுத்துத் துண்டு வாங்கினேன். நீலம்தான். போட்டுக்கொள்ள மாட்டாய், தெரியும். ஆன்ஃபீல்டுப் பக்கம் போகும்போது வெளியே எடுத்துவிடாதே.

என்றும் உன்,
சேகர்