மிருகங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கும்,

வேதத்தில் வரும் மிருகங்களில் எதற்குப் பலம் அதிகம் என்று பார்க்க, வலுசர்ப்பத்துக்கு இத்தனை மதிப்பெண், பழைய ஏற்பாட்டில் வரும் ராட்சதப் பிராணியான லிவியாதானுக்கு இத்தனை என்று நீங்கள் பட்டியல் போடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. வேதத்தின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறக்கவே பயப்படுகிற பிள்ளைகள் அந்தப் பட்டியலுக்காகவாவது வாசிக்கிறார்கள். ஆனால் அளக்கிற கோல் தப்பு. தலையையும் கொம்பையும் எண்ணிப் பலத்தைக் கணக்கிட்டால், அந்த நூலில் யோவான் எழுதியதற்கு நேர் எதிரான விடைதான் கிடைக்கும்.

வலுசர்ப்பத்துக்கு 7 தலை, 10 கொம்பு (வெளிப்படுத்தின விசேஷம் 12:3). கடலிலிருந்து ஏறிவரும் மிருகத்துக்கும் அதே கணக்கு (13:1). மகாவேசி ஏறியிருக்கும் சிவப்பு மிருகத்துக்கும் அதே (17:3). அப்படியானால் மூன்றும் சமபலமா? முடிகளைப் பாருங்கள். வலுசர்ப்பத்துக்கு 7 முடி, தலைகளின்மேல். கடல் மிருகத்துக்கு 10 முடி, கொம்புகளின்மேல். சிவப்பு மிருகத்துக்கு முடி இருப்பதாகச் சொல்லப்படவே இல்லை. பத்துக் கொம்புகள் பத்து ராஜாக்கள் என்று 17:12 தானே விளக்கிவிடுகிறது. கிறிஸ்துவைக் குறிக்கும் ஆட்டுக்குட்டிக்கு இருப்பதோ 7 கொம்புதான் (5:6), அதுவும் அடிக்கப்பட்ட நிலையில் நிற்கிறது. எண்ணிக்கைதான் பலம் என்றால் அது தோற்றிருக்க வேண்டும். 17:14-இல் ஜெயிப்பது ஆட்டுக்குட்டிதான்.

கடல் மிருகத்தின் உடலும் இப்படித்தான். அதில் சேர்ந்திருக்கும் சிறுத்தை, கரடி, சிங்கம் மூன்றும் தானியேல் 7-இல் தனித்தனி மிருகங்களாக வருகின்றன. அங்கே சிங்கத்துக்கு 1 தலை, கரடிக்கு 1, சிறுத்தைக்கு 4, நாலாம் மிருகத்துக்கு 1, கூட்டினால் 7. கொம்பு 10-உம் அந்த நாலாம் மிருகத்தினுடையதே. தானியேல் கண்ட அரசுகள் எல்லாம் ஒரே உடலில் வந்து நிற்கின்றன என்று சொல்வதற்கான படம் இது. நகத்தையும் பல்லையும் பிரித்து மதிப்பெண் போட இதில் இடமில்லை.

பதிலுக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: அதிகாரம் கொடுத்தது யார், எவ்வளவு காலத்துக்கு, யாரைத் தொடலாம், எது தடை, முடிவு என்ன. 9-ஆம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளை வைத்து இதைச் செய்துபாருங்கள். பொன்முடி போன்ற ஒன்று தலையில், மனுஷ முகம், ஸ்திரீகளின் கூந்தல், சிங்கப் பல், இரும்பு மார்க்கவசம், தேள் வால். உங்கள் பட்டியல்களில் இவை எப்போதும் மேலே நிற்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவை வெளியே வரும் பாதாளக்குழியின் திறவுகோலே கொடுக்கப்பட்டதுதான். காலம் 5 மாதம். அதை 5-ஆம் வசனமும் 10-ஆம் வசனமும் இருமுறை சொல்கின்றன. வெட்டுக்கிளியின் இயல்பான தீனி பசுமை. இவையோ புல்லையும் மரத்தையும் தொடக்கூடாது. நெற்றியில் தேவமுத்திரை உள்ளவர்களைத் தொடக்கூடாது. மற்றவர்களையும் வேதனைப்படுத்தலாமே தவிரக் கொல்லக்கூடாது. கட்டங்களை நிரப்பி முடித்தபின் அந்த உருவத்தைத் திரும்பப் பாருங்கள். அதே அதிகாரத்தில் வரும் 20 கோடி குதிரைச்சேனை மனுஷரில் மூன்றிலொரு பங்கைக் கொல்லுகிறது. அதுகூட ஐபிராத்து நதியருகே கட்டப்பட்டிருந்த நான்கு தூதர் அவிழ்த்துவிடப்பட்ட பிறகுதான்.

அதிகமாக ஏமாறும் இடம், பூமியிலிருந்து எழும்பும் இரண்டாம் மிருகம். இரண்டே கொம்பு, அதுவும் ஆட்டுக்குட்டியினுடையதைப் போல. அதனால் கடைசி இடத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் ஜனங்களை வணங்கவைப்பதும், முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாதபடி செய்வதும் அதுதான் (13:12-17). யோவான் இந்த நூலை எழுதியனுப்பிய, ரோம மாகாணமான ஆசியாவின் ஏழு சபையாருக்கு இது கற்பனை அல்ல. அந்த ஏழு பட்டணங்களில் ஒன்றான பெர்கமுவில், ரோமப் பேரரசனாகிய ராயன் அகஸ்துவுக்கும் ரோமுக்கும் கோயில் கட்ட கி.மு. 29-இலேயே அனுமதி கிடைத்திருந்தது. ராயனுக்குத் தூபம் காட்ட மறுத்தவன் ஊரில் எப்படிப் பிழைப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். அதை 'பலவீனமான மிருகம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். 666-ஐ மிருகத்தின் பலத்தின் அளவாகப் போடுவதையும் நிறுத்துங்கள். அது மனுஷனுடைய இலக்கம் என்று 13:18 தெளிவாகச் சொல்கிறது.

லிவியாதானைத் தனியே வையுங்கள். யோபு 41 கர்த்தர் தம் சிருஷ்டியைக் காட்டிப் பேசுகிற இடம், சங்கீதம் 74:14 முடிந்துபோன வெற்றி, ஏசாயா 27:1 வரப்போகிற நாள். மூன்றிலிருந்தும் புள்ளிகளைப் பொறுக்கி ஒரே மிருகத்தின்மேல் ஏற்றினால் கணக்குக் குழம்பும்.

இனி ஐந்தாவது கட்டம். 19:19-இல் மிருகமும் ராஜாக்களும் யுத்தத்துக்குக் கூடுகிறார்கள். 19:20-இல் மிருகம் பிடிபட்டாயிற்று. நடுவில் ஒரு வெட்டுக்குத்துக்கூட விவரிக்கப்படவில்லை. வலுசர்ப்பத்தோடு வானத்தில் யுத்தம்பண்ணுவது மிகாவேலும் அவனைச் சேர்ந்த தூதர்களும். கடைசியில் அதை 1,000 வருஷம் கட்டிவைக்க வருவதோ பெயர்கூடச் சொல்லப்படாத ஒரே ஒரு தூதன், கையில் ஒரு திறவுகோலும் ஒரு சங்கிலியும் (20:1-2). தேவனுக்கும் வலுசர்ப்பத்துக்கும் சரிக்குச் சரி மோதல் என்று படம் வரைகிறவர்கள் இந்த வசனங்களைத் திறந்துவைத்துக்கொண்டு வரையட்டும்.

அடுத்த வினாடி வினாவுக்குப் பழைய பட்டியலை எடுக்காதீர்கள். ஐந்து கட்டமுள்ள வெற்றுத் தாளைக் கொடுத்து, வசன எண்ணோடு பிள்ளைகளையே நிரப்பச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மிருகம் போதும். சிறுபிள்ளைகள் வகுப்பில் நேரம் குறைவென்றால் உருவ வருணனையைச் சுருக்குங்கள். முடிவு எழுதும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வேதபாடம் நடத்துகிற உங்கள் சகோதரர்கள்