நத்தார் செலவுக்கு ஓர் உச்ச அளவை அறிவியுங்கள்: கொழும்பு வடக்குப் பங்குச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தையர்களுக்கும், மேய்ப்புப்பணிச் சபை உறுப்பினர்களுக்கும், அயல் வீடுகளை ஒன்றுசேர்க்கும் அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

நத்தாருக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கும்போதே இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேக்குக்கான பழங்கள் வெட்டி ஊறவைக்கப்படுவதும், பாடகர் குழுவுக்கு ஒரே நிறச் சேலை தெரிவு செய்யப்படுவதும், பிள்ளைகள் மேடையேறும் நத்தார்க் கலைநிகழ்ச்சியான ஒளிவிழாவுக்காக அவர்களுக்கு உடுப்பு அளவெடுக்கப்படுவதும் ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலுமே நடந்து முடிகின்றன. ஆகவே, நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மறையுரையில் இம்முறை எளிமையாகக் கொண்டாடுவோம் என்று சொல்லப்படும் வேளையில், அந்த அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டிருக்கிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: பங்கின் பெயரால் நடக்கும் நத்தார் நிகழ்ச்சிகளுக்காக ஒரு குடும்பத்திடம் எவ்வளவுக்கு மேல் கேட்கக்கூடாது என்ற உச்ச அளவை நீங்களே தீர்மானித்து, இந்த மாதத்துக்குள் ஆலயத்தில் வாசித்துவிடுங்கள்.

இதை ஏன் குடும்பங்களிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நம்மிடையே நத்தார் செலவைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், சனங்களுக்கு ஆடம்பரம் கூடிவிட்டது என்ற முடிவோடு அது நின்றுவிடுகிறது. கொட்டாஞ்சேனையிலும், முகத்துவாரத்திலும், மட்டக்குளியிலும், புளூமெண்டால் பக்கத்திலும் நான் அறிந்த வீடுகளில் டிசெம்பர் மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அந்தச் செலவின் கணிசமான பகுதி அந்த வீட்டார் விரும்பித் தெரிவு செய்தது அல்ல. பாடசாலை ஒளிவிழா ஒன்று, மறைக்கல்வி ஒளிவிழா இன்னொன்று, அன்பியத்தின் ஒன்றுகூடல், அதற்கான பரிசுப் பரிமாற்றம், கரோல் குழுவுக்கான உபசரிப்பும் பண உறையும், இயேசு பிறப்புக் குடில் போட்டி, பாடகர் குழுச் சேலை, வேலைத்தலத்துச் சீக்கிரட் சாந்தா என்று வரிசையாக வருபவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நாமே, அதாவது சபைகளும் குழுக்களும், கூட்டத்தில் கையுயர்த்தித் தீர்மானித்து வீடுகளுக்கு அனுப்புபவை. ஒரு குடும்பம் தனித்து நின்று எனக்கு இது இயலாது என்று சொல்ல வேண்டுமானால், அது தன் வறுமையை வெளியே சொல்ல வேண்டும். சபை சொன்னால் எவரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஒளிவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மறைக்கல்வி வகுப்பில் கற்பிப்பவள் என்ற வகையில் இதை அருகிலிருந்து பார்க்கிறேன். பிள்ளையின் கையில் ஒரு துண்டுத் தாள் கொடுத்தனுப்பப்படுகிறது: வெள்ளைச் சற்றின் துணியில் நீளச் சட்டை, வெள்ளிச் சரிகை வைத்த இறக்கை, தலைக்கு வளையம், வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காலுறை. மேடையில் அந்தப் பிள்ளை நிற்கப்போவது ஒரு பாட்டு முடியும் வரைதான். மூன்று பிள்ளைகள் மூன்று பிரிவுகளில் இருந்தால் ஒருவர் சம்மனசு (வானதூதர்), ஒருவர் இடையர், ஒருவர் நடனக் குழு. நடனக் குழுவுக்கு உடுப்போடு முக அலங்காரத்துக்கும் பணம் கேட்கப்படும். அந்தச் சற்றின் சட்டையை அடுத்த ஆண்டு போட முடியாது, ஏனெனில் பிள்ளை வளர்ந்துவிடும், அல்லது அடுத்த ஆண்டு சம்மனசுகள் இளநீல நிறத்தில் வருவார்கள். காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு ஒத்திகை தொடங்கிய இரண்டாம் கிழமையிலிருந்து காய்ச்சல் வரத் தொடங்கும். அந்தக் காய்ச்சலின் காரணம் ஆசிரியைகளான எங்கள் அனைவருக்கும் தெரியும், ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பங்கு மண்டபத்தில் ஓர் அலுமாரியை ஒதுக்கி, பழைய உடுப்புகளைத் துவைத்து, அளவுவாரியாக மடித்து வைத்தால் சம்மனசுகளுக்கு அது பல ஆண்டுகள் போதும். இடையர்களுக்கு அப்பாவின் சாரமும் ஒரு துவாயும் ஒரு தடியும் தாராளம். உண்மையான இடையர்களிடம் அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கு விலைவாசியின் வரலாற்றைச் சிறிது நினைவுபடுத்துகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் அது 94.9 சதவீதம். அதன் பின்னர் பணவீக்கம் தணிந்துவிட்டது என்று செய்திகளில் கேட்கிறோம், அது உண்மையும்தான். ஆனால் பணவீக்கம் தணிந்தது என்றால் விலைகள் அந்த வேகத்தில் இனி ஏறவில்லை என்றே பொருள், ஏறிய விலைகள் இறங்கிவிட்டன என்று அல்ல. அதற்குமேல், 2022 நடுப்பகுதி வரை 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாயிற்று. புறக்கோட்டையில் நாட்கூலிக்கு மூட்டை தூக்குபவருடைய, செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்பவருடைய, பிரதான வீதிப் புடைவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டும் பெண்பிள்ளையுடைய வருமானம் அந்த அளவுக்கு உயரவில்லை. அந்தக் கடைப் பிள்ளைகளுள் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். நத்தாருக்கு ஹற்றனுக்கோ பதுளைக்கோ போவதென்றால் பஸ் கட்டணத்துக்கு மேலாக, கொழும்பில் வேலை செய்பவர் என்பதால் லயத்தில் உள்ள உறவினர் அனைவருக்கும் எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவர்களுக்கு உண்டு. டிசெம்பர் முடிந்த கையோடு ஜனவரியில் பாடசாலைக் கொப்பிகளும் சப்பாத்தும் புத்தகப்பையும் வருகின்றன. கலப்புத் திருமணக் குடும்பங்களில் தீபாவளியும் நத்தாரும் தைப்பொங்கலும் மூன்று மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்து வருகின்றன.

உச்ச அளவு என்பது திருச்சபைக்குப் புதிய சிந்தனை அல்ல. குழந்தை இயேசு பிறந்து நாற்பது நாட்களின் பின் யோசேப்பும் மரியாளும் எருசலேம் கோவிலுக்கு எடுத்துச் சென்ற காணிக்கை ஒரு சோடிப் புறாக்கள் என்று லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. லேவியர் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் புரட்டினால், ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாதவர்களுக்கு என்று சட்டமே வகுத்துக் கொடுத்த காணிக்கை அதுதான் என்று தெரிகிறது. அந்தச் சலுகையைப் பெற அவர்கள் எவரிடமும் போய்த் தலைகுனிந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. அது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நம்முடைய நத்தாரில் ஏழைக்கு ஒரு புறாச் சோடியை நாம் எழுதி வைக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

எங்கே குறைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சிக்கனம் என்றவுடன் முதலில் கைவைக்கப்படுவது அண்டை வீட்டுக்குப் போகும் தட்டில்தான். எங்கள் தொடர்மாடியில் ஒரே மாடியில் இந்துக் குடும்பமும், இஸ்லாமியக் குடும்பமும், சிங்களக் குடும்பங்களும் இருக்கின்றன. தீபாவளிக்கு முறுக்கும் பயத்தம் பணியாரமும், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பமும், சித்திரைப் புத்தாண்டுக்கு எண்ணெய்ப் பலகாரமும் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. நத்தாருக்கு எங்கள் தட்டு போகிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்ததன் பின்னர் இந்த நகரத்தில் அயலார் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே அந்தத் தட்டை நிறுத்தச் சொல்லும் எந்தச் சிக்கனத்துக்கும் நான் உடன்பாடில்லை. ஆனால் அந்தத் தட்டு இப்போது பெட்டியாகிவிட்டது. முன்பு ஒரு பீங்கான் தட்டில் நாலு துண்டு கேக், இரண்டு கொக்கிஸ், ஒரு சீப்பில் பாதி வாழைப்பழம் வைத்து, மேலே பின்னல் துணி போர்த்தி அனுப்பினோம். இப்போது பேக்கரியில் ஓடர் கொடுத்து, சாளரம் வைத்த அட்டைப் பெட்டியில், நாடா கட்டி, பெயர் அச்சிட்ட அட்டையோடு அனுப்பாவிட்டால் மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. பெட்டிக்கும் நாடாவுக்கும் கொடுக்கும் பணத்துக்கு இன்னும் இரண்டு வீடுகளுக்குக் கேக் கொடுத்திருக்கலாம்.

கேக்கும் அப்படியே. நம்மவர் அடிக்கும் நத்தார் கேக் இலகுவான பண்டம் அல்ல. ரவையும், முட்டை மஞ்சட்கருவும், கஜுவும், பிளம்ஸும், செரியும், பூசணித் தோசியும், இஞ்சித் தோசியும் சேர்ந்தால்தான் அது அந்தக் கேக். ஒரு கிலோ கஜு வாங்க ஒரு நாட்கூலி போதாது. ஆனால் கேக்கைக் கைவிடச் சொல்லி ஒரு சபையும் வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை. அன்பியத்தில் பத்து வீடுகள் சேர்ந்து புறக்கோட்டையில் மொத்த விலைக்குச் சாமான் எடுத்து, பங்கு மண்டபத்தில் ஒன்றாக இருந்து பழம் வெட்டி, பக்கத்துப் பேக்கரிப் போறணையில் தட்டுக்கு இவ்வளவு என்று பேசி ஒரே நாளில் சுட்டு எடுத்தால் செலவு நன்றாகவே இறங்கும். எங்கள் அம்மாமார் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் காலத்துப் போறணைக்காரரும், எவருடைய தட்டு எது என்று மாறிப்போய் நடந்த சண்டைகளும் தனிக் கதை.

குடில் போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையும் இருந்தன. நமது குடில்களில் இப்போது நீர்வீழ்ச்சி மோட்டரும், நிறம் மாறும் மின்குமிழ்ச் சரங்களும், புகை விடும் இயந்திரமும் இருக்கின்றன. நடுவர்களும் அதற்கே புள்ளி போடுகிறார்கள். சிமெந்துப் பைத் தாளைக் கசக்கி மலை செய்வதும், சிரட்டையில் பயறு முளைக்கவைத்துப் புல்வெளி செய்வதும், மூங்கில் ஈர்க்கில் தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டுவதும் தெரிந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். போட்டி வேண்டுமென்றால், கடையில் வாங்கிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்று விதியை மாற்றுங்கள்.

பரிசுப் பரிமாற்றத்துக்கான அறிவித்தல்களில் இத்தனை ரூபாவுக்குக் குறையாத பரிசு என்று எழுதுகிறோம். இதைத் தலைகீழாக்கி, இத்தனை ரூபாவுக்கு மேற்படக்கூடாது என்று எழுதினால் ஒரே வரியில் காரியம் முடிந்துவிடும். கரோல் குழு வரும்போது வீட்டார் தேநீரோடு நிறுத்தலாம் என்பதையும், கொடுக்கும் உறையில் பெயர் எழுத வேண்டாம் என்பதையும், எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று ஆலயத்தில் வாசிக்கப்படாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண்களின் செலவையும் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. பெண்களின் கேக்கும் சேலையும் மறையுரைகளில் வருகின்றன. நத்தார் இரவுக்கும் மறுநாளுக்கும் வாங்கப்படும் போத்தல்கள் வருவதில்லை. பல வீடுகளில் கேக், உடுப்பு இரண்டையும் சேர்த்தாலும் அந்தப் போத்தல்களின் விலைக்கு வராது.

இந்தச் செலவுகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அரசாங்க வேலையில் இருப்பவர் எடுக்கும் விழாக்கால முற்பணம் அடுத்து வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து கழியும். கடனட்டை வைத்திருப்பவர் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால், டிசெம்பரில் வாங்கிய உடுப்புக்குப் பெரிய வெள்ளி வந்த பின்னும் வட்டி கட்டுவார். இரண்டும் இல்லாதவருடைய மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகும், அல்லது கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் கடன் எடுக்கப்படும். அன்பியங்கள் ஜனவரியிலேயே சிறு தொகைச் சீட்டு ஒன்றைத் தொடங்கி, கழிவு எதுவும் இல்லாமல், நவம்பரில் அனைவருக்கும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் இந்தக் கடன்களில் பலவற்றைத் தவிர்க்கலாம். கணக்கை இரண்டு பேர் எழுதட்டும். ஒருவர் மட்டும் எழுதிய சீட்டுக் கணக்குகளின் கதி நமக்குத் தெரியும்.

டிசெம்பர் வியாபாரத்தை நம்பி வாழும் நடைபாதை வியாபாரிகளும் தையல்காரப் பெண்களும் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடிப்பதா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. ஒரு சட்டை தைக்கக் கொடுப்பதையோ, கெய்சர் வீதி நடைபாதையில் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்குவதையோ நான் தடுக்கவில்லை. வீட்டார் தாமாக விரும்பிச் செய்யும் செலவு அவர்கள் உரிமை. நாம் கேட்டு வாங்கும் செலவைப் பற்றியே பேசுகிறேன். 2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கொழும்பு வடக்கின் பல பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டிருந்தன. ஒளிவிழாவும் இல்லை, கரோலும் இல்லை. ஒருவர் வீட்டில் ஒன்றும் இல்லை என்று மற்றவர் குறை சொல்லவும் இல்லை, ஏனெனில் எல்லோர் வீட்டிலும் அதே நிலைமை. அந்த நிலைமை மீண்டும் வர வேண்டாம்; ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஆகும்போது வெட்கம் எவ்வளவு விரைவாக மறைகிறது என்பதை அன்று கண்டோம்.

ஆகவே, இந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒளிவிழா உடுப்பு, பாடகர் குழுச் சேலை, பரிசுப் பரிமாற்றம், ஒன்றுகூடல் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரே தொகை என்று நிர்ணயியுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்பதால் அது கூடக்கூடாது. அந்தத் தொகையும் இயலாதவர்களின் பங்கை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபை பெயர் வெளிவராமல் செலுத்த ஒழுங்கு செய்யுங்கள். உடுப்பு அலுமாரியைப் பொறுப்பேற்க மறைக்கல்வி ஆசிரியைகளில் நானும் இன்னும் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். பழைய உடுப்புகளை ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின்னர் மண்டபத்தில் பெற்றுக்கொள்ள அனுமதி தந்தால், நவம்பர் நடுப்பகுதிக்குள் அளவு பிரித்து முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து
ஒரு மறைக்கல்வி ஆசிரியை