“எரியுது”ன்னு சொன்னா அங்க யாருக்குப் புரியும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கம்மாவுக்கு 83 வயசு. டிமென்ஷியாங்கற மறதி நோய் வந்து ஆறு வருஷம் ஆச்சு, அதுல கடைசி ரெண்டு வருஷமா இங்க சிங்கப்பூர்ல தாதிமை இல்லத்துல, அதான் நர்சிங் ஹோம்ல, இருக்காங்க. இப்ப இருக்கறது ரெண்டாவது இல்லம். முதல் இல்லத்தை எப்படி செலக்ட் பண்ணேன்னு சொன்னா சிரிப்பீங்க, மீன் தொட்டியைப் பார்த்துதான். வாசல்ல பெரிய மீன் தொட்டி, பளபளன்னு டைல்ஸ், பின்னாடி துளசி, கற்பூரவல்லி எல்லாம் வச்ச தோட்டம், சுவத்துல பழைய சிராங்கூன் ரோடு படம், பழைய காலத்து ரேடியோ வேற. சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு சுத்திக் காட்டினாங்க, வயசானவங்க எல்லாம் வட்டமா உக்காந்து பலூனைத் தட்டி விளையாடிட்டு இருந்தாங்க, எனக்கும் தம்பிக்கும் மனசு நெறஞ்சு போச்சு. ஒரு பக்கம் ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்ணணும்னு நெருக்கறாங்க, மருத்துவ சமூக ஊழியர் ஃபாரம் எல்லாம் இல்லத்துல இடம் ஏற்பாடு பண்ற ஏஐசி அமைப்புக்கு அனுப்பி இடம் கெடைச்சாச்சு, சீக்கிரம் பதில் சொல்லுங்கன்றாங்க, அந்த அவசரத்துல யாருக்குங்க கேள்வி கேக்கத் தோணும், சரின்னுட்டோம்.

அம்மா செம்பவாங் கடற்படைத் தளம் பக்கம் பொறந்து வளந்தவங்க. பசார் மலாய், அதான் சந்தையில பேசற மலாய், பிச்சு உதறுவாங்க, ஈரச்சந்தையில மீன்காரர் கிட்ட அவங்க பேரம் பேசினா நாங்க பக்கத்துல நிக்கவே வெக்கப்பட்டு காய்கறிக் கடைப் பக்கம் போயிடுவோம். டிமென்ஷியா வந்தப்புறம் முதல்ல போனது அந்த மலாய்தான். அப்புறம் பேரப்பிள்ளைங்களுக்காக கத்துக்கிட்ட கொஞ்ச நஞ்ச இங்கிலீஷ். தமிழ் மட்டும் நின்னுச்சு. பின்னாடி கத்துக்கிட்ட பாஷை முன்னாடி மறந்து போறது இந்த நோயில நிறைய பேருக்கு நடக்கறதுதான்னு டாக்டர் சொன்னார், நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். அதையும் இல்லம் பாக்கறதையும் சேர்த்து யோசிக்கணும்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல.

சேர்த்த ஏழாவது மாசம் இல்லத்துலேர்ந்து ஃபோன், அம்மா மூணு நாளா ராத்திரியெல்லாம் கத்தறாங்க, மத்தவங்க தூங்க முடியலன்னு. போய்ப் பார்த்தா ரெண்டு கையிலயும் மிட்டன், அதான் பாக்ஸிங் பண்றவங்க போடற மாதிரி பஞ்சு வச்ச உறை. கேட்டா டயப்பரைப் பிச்சுப் போடறாங்களாம். அமைதியா இருக்கறதுக்குன்னு மாத்திரையைக் கூட்டியிருக்காங்க, தலை தொங்கிப் போய் எச்சில் வழிய உக்காந்திருந்தாங்க. நான் பக்கத்துல போய் அம்மான்னதும் கண்ணைத் தொறந்து ஒரே வார்த்தை, “எரியுதுடி.” எங்க எரியுதும்மான்னு கேட்டா அந்த உறை போட்ட கையால அடி வயித்துக்குக் கீழ காட்டினாங்க.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா சிறுநீர்த் தொற்று, சிறுநீரகம் வரைக்கும் போயிடுச்சாம், ஒன்பது நாள் படுக்கையில இருந்தாங்க. அப்புறம் இல்லத்துல ஃபைலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மூணு ராத்திரிக்கும் கிட்டத்தட்ட ஒரே வரி, கூச்சல் போடறாங்க, அர்த்தமில்லாமப் பேசறாங்கன்னு. அர்த்தமில்லாமலா? மூணு நாளா தமிழ்ல தெளிவா சொல்லிட்டு இருந்திருக்காங்க, அந்த ஷிஃப்ட்ல கேக்கத்தான் ஆளில்ல.

அந்த இல்லத்தோட பேரைச் சொல்லப் போறதில்ல. அங்க இருந்த தாதிங்க கெட்டவங்களும் இல்ல, ஊரை விட்டு வந்து ராத்திரி முழுக்க அத்தனை பேரை ரெண்டே பேர் பாத்துக்கறாங்க. ஆனா டிமென்ஷியா உள்ளவங்க திடீர்னு கத்தினா, அடிச்சா, துணியைப் பிச்சா, முதல்ல உடம்புல என்னன்னு பாக்கணும், தொற்று இருக்கா, மலச்சிக்கலா, எங்கயாவது வலியா, பசியா. இதெல்லாம் பாத்துட்டு அப்புறம்தான் மாத்திரை. வயசான டிமென்ஷியா நோயாளிங்களுக்கு இந்த மாதிரி மனநோய் மாத்திரை கொடுத்தா சாவு ஆபத்து கூடுதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005லயே எச்சரிக்கை போட்டிருக்கு. தேவைப்படறவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல, ஆனா எடுத்த எடுப்புல அதுவா?

அதனால ரெண்டாவது தடவை இல்லம் தேடினப்ப நான் காலையில போகவே இல்ல. சாயந்திரம் ஆறு மணிக்குப் போனேன். நம்ம ஊர்ல பொழுது ஏழு மணி வாக்குலதான் சாயும், அந்த நேரம்தான் இவங்களுக்குப் படபடப்பு ஏறும், வீட்டுக்குப் போகணும், புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்திருக்கும், உலை வைக்கணும்னு எந்திரிச்சு நடப்பாங்க. அப்ப அங்க இருக்கறவங்க என்ன பண்றாங்கன்னு ஒரு அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பார்த்தா போதும். ஒரு இடத்துல எந்திரிச்ச பாட்டியை மூணு தடவை தோளை அழுத்தி உக்கார வச்சாங்க, நாலாவது தடவை முன்னாடி ட்ரே மாட்டின நாற்காலியில போட்டுட்டாங்க. அப்படியே கிளம்பி வந்துட்டேன். இன்னொரு இடத்துல ஒரு மியன்மார் பொண்ணு அந்தப் பாட்டி கையைக் கோத்துக்கிட்டு காரிடார்ல நாலு சுத்து நடந்துட்டு வந்துச்சு, பாட்டி தானா உக்காந்தாங்க.

மோந்து பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. என் அபிப்ராயம் வேற, டயப்பர் மாத்தற நேரத்துல கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும், அது இயற்கை. நாள் பூரா ஏர் ஃப்ரெஷ்னர் மூக்கைத் துளைச்சாதான் எனக்கு சந்தேகம் வரும்.

வாயைத் தொறந்து கேக்க வேண்டியதும் இருக்கு. இன்னிக்கு எத்தனை பேருக்கு மிட்டன் போட்டிருக்கீங்க, எத்தனை பேரைக் கட்டியிருக்கீங்க, யார் முடிவு பண்றாங்க, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை அவுத்து விடறீங்க. படுக்கையிலயே இருக்கறவங்களை எத்தனை மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கறீங்க. மாசா மாசம் எடை பாக்கறீங்களா, குறைஞ்சா யாருக்கு சொல்வீங்க. எடை முக்கியங்க, பேச முடியாதவங்க சாப்பிடலங்கறதை அந்த மெஷின்தான் நமக்கு சொல்லும். சாப்பாட்டு நேரத்துல தட்டையும் பாருங்க, மசிச்ச சாப்பாடுன்னா பச்சையா ஒரு உருண்டை, வெள்ளையா ஒரு உருண்டை, பிரவுனா ஒரு உருண்டை இருக்கும், ஊட்டறவங்க கிட்ட இது என்னன்னு கேளுங்க. தெரியாமலே ஊட்டறாங்கன்னா உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு எங்க தெரியப் போகுது.

நான் கடைசியா கேட்டது, ராத்திரி ஷிஃப்ட்ல தமிழ் தெரிஞ்சவங்க யாரு. மூணு இடத்துல பகல்ல ஒருத்தர் இருக்காங்கன்னாங்க, நல்லதுதான், எங்கம்மா கத்தினது ராத்திரியில. ஒரே ஒரு இடத்துல மட்டும் அந்த சிஸ்டர், பிலிப்பீன்ஸ்காரங்க, “ராத்திரியில ஆளில்ல, ஆனா இதைப் பாருங்க”ன்னு ஒரு கட்டில் கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. தலைமாட்டுல ஒரு அட்டை. ஒண்ணுக்கு, வலி, தண்ணி, எரியுது, வேணாம், குளிருது, இப்படி ஒரு இருபது வார்த்தை தமிழ்ல, பக்கத்துல பர்மிய எழுத்துல உச்சரிப்பு, அதுக்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல அர்த்தம். முன்னாடி அங்க இருந்த ஒருத்தரோட மகள் எழுதிக் கொடுத்ததாம், அவர் தவறிப் போய் ஒரு வருஷம் ஆகியும் எடுக்கல, அடுத்த தமிழ் ஆளுக்கு ஆகும்னு விட்டு வச்சிருக்காங்க. “எரியுது”வைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கட்டடம் பழசு, மீன் தொட்டி கெடையாது, ஒரு ரூம்ல எட்டு கட்டில், தம்பிக்குப் பிடிக்கவே இல்ல. அங்கதான் சேர்த்தோம்.

இதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் அடிபட்டுத்தான் கத்துக்கணுமான்றதுதான் ஆசிரியர் அவர்களே என் கேள்வி. தாதிமை இல்லங்களுக்கு 2015லேர்ந்து மேம்படுத்தின தரநிலைகள் இருக்கு, 2023 டிசம்பர்லேர்ந்து புது சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்துக்குக் கீழ லைசென்ஸ், சுகாதார அமைச்சு சோதனையும் பண்ணுது. ஆனா ஒரு குறிப்பிட்ட இல்லத்துல சோதனைக்குப் போனவங்க என்ன பார்த்தாங்கன்னு நான் தேடினப்ப எனக்கு ஒரு இடத்துலயும் கெடைக்கல. இங்கிலாந்துல கேர் குவாலிட்டி கமிஷன்னு ஒண்ணு, இல்லத்துக்கு நாலு தரத்துல ஒண்ணைக் கொடுக்கும், அறிக்கை முழுசா இணையத்துல இருக்கும், அந்தத் தரத்தை இல்லத்துலயே ஒட்டி வைக்கணும்னு சட்டம். அமெரிக்காவுல 2008லேர்ந்து இல்லங்களுக்கு ஸ்டார் போடறாங்க. ஸ்டார்ல ஏமாத்து வேலையும் நடக்குமாம், அது எனக்கும் தெரியும், அதனால வெறும் மார்க் எனக்கு வேணாம். எத்தனை பேர் விழுந்தாங்க, எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், எத்தனை பேரைக் கட்டினாங்க, ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் எந்தெந்த பாஷை பேச ஆளிருக்கு, இந்த நாலை மட்டும் வாசல்ல ஒட்டினாக் கூடப் போதும். ஹாக்கர் சாப்பாட்டுக் கடைக்கே சுத்தத்துக்கு கிரேடு போட்டு மாட்டி வச்சிருந்த ஊருங்க இது.

மனநலக் கழகம் 2013ல பண்ண ஆய்வுல 60 வயசுக்கு மேல பத்துல ஒருத்தருக்கு டிமென்ஷியான்னு வந்துச்சு, 2023ல 8.8 விழுக்காடு. குறைஞ்சிருக்கு, சந்தோஷம்தான், ஆனா வயசானவங்க கூட்டம் ஏறிட்டே போகுதே, அதுல எத்தனை பேருக்குத் தமிழ் மட்டும் மிஞ்சப் போகுதோ.

நம்மாளுங்களுக்கும் ஒண்ணு கேட்டுக்கறேன். தீபாவளிக்கு பலகாரமும் ஆரஞ்சும் எடுத்துக்கிட்டு இல்லங்களுக்குப் போய் ஃபோட்டோ எடுத்துக்கறோம், ரெண்டு மணி நேரத்துல திரும்பிடறோம். அதுக்குப் பதிலா சாதாரண நாள்ல, சாயந்திரம், ஒரு மணி நேரம் தமிழ்ல பேச ஒரு ஆள் வந்தா எவ்வளவோ நல்லது. அம்மா வார்டுக்குப் பக்கத்துல தமிழ் பேசற ஒரு பெரியவர் இருக்கார், ரயில்வேயில வேலை பார்த்தவராம். அவரைப் பாக்க யாரும் வந்து நான் பார்த்ததில்ல. பொழுது சாய்ஞ்சா எந்திரிச்சு நின்னுடுவார், யார் சொன்னாலும் உக்கார மாட்டார். போன செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டு, கோலாலம்பூர் ரயில் வந்துடுச்சாம்மான்னு கேட்டார். அந்த ரயில் வந்து நின்ன தஞ்சோங் பகார் ஸ்டேஷனை மூடினது 2011ல.

இன்னும் இல்லைங்கய்யா, இன்னிக்கு லேட்டாம்னேன். சரின்னு உக்காந்துட்டார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி ஒருவர்