கொம்புச் சத்தம்

அன்புள்ள செல்வம்,

எட்டு மாதமாக எழுதாததற்கு நீ திட்டுவது இங்கேயே கேட்கிறது. மூர்த்தியையும் சேர்த்துத் திட்டு. உன் புது முகவரியை அமுக்கி வைத்திருந்தவன் அவன்தான். வீட்டில் எல்லோரும் சுகம். என் முதுகுவலியும் சுகமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் மான் வேட்டைக்குப் போனேன். சிரிக்காதே. பல்லிக்குப் பயந்து விடுதி அறையை மாற்றிக்கொண்ட அதே ஆள்தான். முறையாக உரிமம் வாங்கி, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மூன்று நாள் மரத்துப் பரணில் உட்கார்ந்தேன்.

வட அமெரிக்காவின் வெண்வால் மான்கள் இணைசேரும் காலம் அது. பகல்பொழுது சுருங்கச் சுருங்கக் கடாக்களுக்குப் பித்து ஏறுகிறது. கழுத்து புடைத்துவிடுகிறது. கொம்பால் மரப்பட்டையை உரிப்பதும், தாழ்ந்த கிளைக்கு அடியில் மண்ணைப் பறித்து மூத்திரம் பெய்து வைப்பதுமாக அலைகின்றன. பெண்மான் இணங்குவதோ ஏறக்குறைய ஒரே நாள். தவறினால் சுமார் 28 நாள் கழித்துத்தான். அதனால், மற்ற மாதங்களில் இருட்டிய பிறகே தலைகாட்டும் கிழக்கடாகூட இப்போது நடுப்பகலில் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடும். வேட்டைக்காரன் அதற்குத்தான் காத்திருக்கிறான். வேட்டைக்கு நாம் போடுகிற ஆரஞ்சுச் சட்டை அதன் கண்ணுக்கு மங்கல்தான். ஆனால் காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் அடித்தால் போச்சு.

மூன்றாம் நாள் காலை, பெரியவர் கொடுத்த பழைய கொம்பு இரண்டையும் மோதித் தேய்த்தேன். இரண்டு கடாக்கள் முட்டிக்கொள்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு கடா புதரை விலக்கிக்கொண்டு வந்தது. காதை மடித்து, முதுகு மயிரைச் சிலிர்த்து, விறைப்பாக நடந்து, சண்டை எங்கே என்று தேடியது. சுட்டேன். முப்பது அடி ஓடி விழுந்தது.

குடலை எடுத்தபோது இரைப்பை கையில் தொளதொளவென்று தொங்கியது. பாதிகூட நிறையவில்லை. "இந்த மாதம் அதுக்குத் தின்ன ஏது நேரம்? உடம்பில் கால்பங்கு வரை இறங்கிவிடும்" என்றார் பெரியவர். கழுத்தில் ஆறாத குத்து ஒன்று. இடது கொம்பில் ஒரு கிளை முறிந்து, முறிந்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

நான் கறி தின்கிறவன். கொன்றதைப் பற்றிப் புலம்பினால் நீயே நம்பமாட்டாய். மான் பெருகினால் மரக்கன்று ஒன்றையும் தலையெடுக்க விடாது என்று பெரியவர் சொன்ன கணக்கும் சரிதான். ஆனால் பொய்யாகக் கூப்பிட்டு வரவழைத்தேனே, அது உறுத்துகிறது. அது நடந்து வந்த தினுசைப் பார்த்தபோது யார் ஞாபகம் வந்தது தெரியுமா? ரவி. "அவள் மாடியில் உனக்காகக் காத்திருக்கிறாள்" என்று நாம் சொன்னதும், தலையை வாரி, சட்டையை இன் பண்ணிக்கொண்டு படி ஏறினானே. கீழே நின்று நாம் எப்படிச் சிரித்தோம்! அன்று அவன் சாப்பிடக்கூட வரவில்லை.

கொம்பை இன்னும் சுவரில் மாட்டவில்லை. ஷெட்டில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது.

ரவியின் எண் உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. மூர்த்தியிடம் கேட்காதே, ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

உன்,
பாலு